கறி: மிளகு முதல் பேஸ் கிரேவி வரை

பிரிட்டனின் இந்திய உணவகங்களில் பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருக்கும் வெங்காயச் சாற்றுக்குப் 'பேஸ் கிரேவி' என்று பெயர். அதை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ள வழி சொல்கிறவர்கள் பலர், கூடவே ஒரு சொல்வரலாற்றையும் சொல்லிவிடுகிறார்கள். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் தலைமைச் சமையற்காரர்கள் தொகுத்த ஏட்டில் 'கியூரி' என்ற சொல் இருக்கிறது, 'கர்ரி' அதிலிருந்து வந்தது, ஆகவே சொல்லும் ஆங்கிலம், பண்டமும் ஆங்கிலம் என்பது அவர்கள் கூற்று. பரவியிருக்கிற அளவுக்கு இதில் சரக்கு இல்லை. அந்தக் 'கியூரி' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். சமைத்தல் என்ற தொழிலைக் குறிப்பது. எந்தப் பண்டத்துக்கும் பெயரன்று. அந்த ஏட்டுக்கு இன்று வழங்கும் தலைப்பும் 1780இல் அதை அச்சிட்ட சாமுவேல் பெக் இட்டதே.

இந்த வழக்கைத் தீர்க்க உயிரெழுத்து ஒன்று போதும். லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598இல் ஆங்கிலமானபோது, கோவாக் கரையில் மக்கள் சோற்றின்மேல் ஊற்றி நாள்தோறும் உண்ணும் புளித்த சாறு 'கரியேல்' என்று எழுதப்பட்டது. இலங்கையில் சிறையிருந்து மீண்ட ராபர்ட் நாக்ஸ் 1681இல் 'கரீஸ்' என்று எழுதினார். இரண்டிலும் முதலசையில் இருப்பது ஆங்கிலத்தின் 'ஏ' என்னும் எழுத்து, 'யூ' இல்லை. 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் நூலுக்கு வரும்போதுதான் 'யூ' ஏறுகிறது. 'கியூரி'யிலிருந்து பிறந்த சொல்லானால் அந்த எழுத்து தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். முந்நூறு ஆண்டு மறைந்திருந்து பின்னால் தலைகாட்டாது. நம் நாட்டு அகரத்தை அந்த எழுத்தால் குறிப்பது ஆங்கிலேயர் வழக்கம். பஞ்சாபையும் பங்களாவையும் அவர்கள் எழுதும் முறையைப் பார்த்தால் போதும். வாணலியைக் குறிக்கும் 'கராஹி'யை மூலமாகக் காட்டுவோரும் உண்டு. பிரிட்டன் உணவகப் பட்டியலில் கராஹி வேறு வரியில், வேறு பண்டமாக நிற்கிறது. அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை.

நம் பக்கத்துச் சான்றுகளுக்கு வருவோம். சங்க நூல்களில் கறி என்றால் மிளகு என்பதைப் படித்தவர் அறிவர். புகார்த் துறைக்கு வந்து இறங்கும் மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை 'கருங்கறி' என்றே சொல்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய இடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அங்கே மாதுளங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, கறி கலந்து, கறிவேப்பிலையும் சேர்க்கிறார்கள். இங்கே கறி என்பது பண்டமன்று, பண்டத்தில் கலக்கும் காரம். காரத்தின் பெயர் காரமிட்ட பண்டத்துக்கு ஆகிவந்த பிறகு, சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் கறியமுது ஒருபக்கமும் மிளகு இன்னொருபக்கமும் தனித்தனியே நிற்கின்றன. புளிங்கறி, பொரிக்கறி என்ற வகைகளும் வந்துவிட்டன. லின்ஸ்கோட்டன் கண்ட புளித்த சாற்றுக்குப் புளிங்கறியைவிட நெருங்கிய உறவு எது? மிளகு கறி என்ற பெயரைப் பண்டத்துக்கு விட்டுக்கொடுத்துத் தான் மிளகாகவே நின்றது. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்த காய் அந்த மிளகின் பெயரை வாங்கி மிளகாய் ஆனது. மிளகுக்குக் கறி என்ற பெயர் வந்தது கறித்தல் என்னும் வினையால். நாக்கைக் கடிப்பது கறி. கருநிறத்தால் வந்த பெயர் என்று சொல்வோர் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்குகிறார்கள். கரி வேறு, கறி வேறு.

கறி என்றால் இறைச்சிதானே, 'கர்ரி' என்பதோ குழம்பு, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்ற மறுப்பு தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. இன்றைய வழக்கை நேற்றைக்கு ஏற்றிச் சொல்வதால் வரும் மயக்கம் இது. கோயிலில் படைத்த கறியமுதில் இறைச்சி ஏது? ஈழத்தில் இன்றும் சோற்றோடு உண்பது எதுவும் கறியே. பருப்பும் கறி, கீரையும் கறி. நாக்ஸ் தந்த விளக்கமும் சோற்றுக்குச் சுவைகூட்டச் சேர்த்து உண்பது என்பதுதான். கறி என்ற சொல்லுக்கு எல்லை வகுத்தது சோறு. ஈரமா உலர்வா, ஊனா காயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. குழம்புதலால் குழம்பு, சாறு இறங்குதலால் சாறு. அவை பண்டத்தின் நிலையைச் சொல்வன. கறி இலையில் அதற்குரிய இடத்தைச் சொல்வது. இன்னொரு மறுப்பு கனமானது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னலும் சொல்லைத் தமிழுக்கே கொடுத்துவிட்டு, ஐரோப்பியர் உண்ணும் கறி இடைக்கால ஐரோப்பிய, மேற்காசியச் சமையலின் வழி வந்ததாகவும் இருக்கலாம் என்று ஐயம் எழுப்பினர். ஹன்னா கிளாஸின் முதற்பதிப்பைத் திறந்தால் அந்த ஐயம் நிற்காது. அவர் சொல்லும் மசாலா மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும் மட்டுமே. இடைக்கால ஆங்கில அடுக்களை விரும்பிய பட்டையும் குங்குமப்பூவும் சர்க்கரையும் அதில் இல்லை. மல்லியை வறுத்து மிளகோடு பொடிக்கிற கை எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பேஸ் கிரேவி. அதைப் பிரிட்டனில் நிலைநிறுத்தியவர்கள் பெரும்பாலும் சில்ஹெட்டிலிருந்து சென்ற வங்காளிகள். வீட்டில் செய்வோருக்கு அதன் கமுக்கத்தை அவிழ்த்த நூல்களில் பெயர்பெற்றது கிரிஸ் தில்லன் 1989இல் வெளியிட்ட நூல். 1 கிலோ வெங்காயத்துக்கு ஒரு கேரட், பாதிக் குடைமிளகாய், இரண்டொரு தக்காளி, இஞ்சி பூண்டு, தாராளமாக எண்ணெய், மூழ்கும் அளவு நீர். மஞ்சளும் மல்லியும் சீரகமும் அளவோடு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிட்டு, மைபோல அரைத்து, நீர் விட்டு இளக்கி, எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை மீண்டும் கொதிக்கவிட வேண்டும். காரம் இதில் ஏறாது. ஆர்டர் வந்தபின் வாணலியில் எண்ணெயும் இஞ்சி பூண்டு விழுதும் தக்காளி விழுதும் மசாலாப் பொடியும் மிளகாயும் வதங்க, சூடான கிரேவியை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிப் பெருந்தீயில் சுண்டவிடுகிறார்கள். வீட்டில் செய்பவர் தவறுவது இந்த இடத்தில்தான். ஆறிய கிரேவியை மொத்தமாகக் கொட்டித் தீயைத் தணித்துவிடுகிறார், வாணலி ஓரத்தில் பிடித்து வரும் அந்த மணம் கிடைக்காமலே போகிறது. கொர்மா, மெட்ராஸ், விந்தாலு எல்லாவற்றுக்கும் அண்டா ஒன்றே. வேற்றுமை கடைசியில் கலக்கும் பொருளில். வெந்த பண்டத்தில் காரத்தைக் கலப்பது பெரும்பாணாற்றுப்படையின் முறை. பண்டம் மாறியும் வரிசை மாறவில்லை. விந்தாலுவைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அது போர்த்துகீசியரின் காடி-பூண்டு ஊறலின் பெயர். அதில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை. கடைசிப் பகுதியை இந்தியின் 'ஆலூ' என்று எடுத்துக்கொண்டதால் பல உணவகங்களில் கிழங்கு உள்ளே விழுந்துவிட்டது. பிழைபட்ட சொல்லாராய்ச்சி ஏட்டோடு நிற்பதில்லை, சட்டிக்குள்ளும் இறங்குகிறது.

எஞ்சி நிற்பது போர்த்துகீசிய வடிவமான 'கரில்' என்பதன் ஈற்று லகர மெய். 1563இல் கோவாவில் கார்சியா ட ஓர்த்தா எழுதியதும் கரில்தான். யூலும் பர்னலும் அதைக் கன்னட வடிவம் என்றனர். அப்படிக் கடன்வாங்கத் தேவையில்லை. போர்த்துகீசியத்தில் அழுத்தம் பெற்ற இல் என்று முடியும் பெயர்கள் பன்மையில் இஸ் என்று முடியும். புனலைக் குறிக்கும் 'புனீல்' பன்மையில் 'புனீஸ்'. சோற்றைச் சுற்றிப் பல கறி வைக்கும் கரையில் அவர்கள் முதலில் வழங்கியது பன்மையான 'கரீஸ்' ஆகத்தான் இருக்கும். அதிலிருந்து தம் இலக்கணப்படி 'கரில்' என்ற ஒருமையைப் பின்னால் செய்துகொண்டார்கள். நாக்ஸ் 'கரீஸ்' என்று எழுதிய இடத்திலேயே அது போர்த்துகீசியர் சொல் என்று குறித்திருக்கிறார். தமிழ்க் கறிக்கும் போர்த்துகீசியக் கரிலுக்கும் நடுவே வேறொரு மொழியை நிறுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. லகரம் போர்த்துகீசியரின் கைவேலை, கறி நம்முடையது என்பதே என் துணிபு.