நகல் இருக்கிறது, கணினி ஏன் எழவில்லை?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் பொம்மை வார்ப்பார்கள். ஓர் அச்சு உடைந்தால் இன்னொன்றில் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் சூளை எரியாவிட்டால் எத்தனை அச்சு இருந்து என்ன பயன்? கணினியில் இரட்டை டிஸ்க் வைத்த கதையும் இதுதான்.

ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதற்கு மிரரிங் என்று பெயர். நிற்கவே கூடாத வேலைகளுக்காக 1976-ல் வந்த டேண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கணினிகளிலேயே இது உண்டு. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் இதற்கு ரெய்டு 1 என்ற பெயரை நிலைக்கச் செய்தது.

சரி, சிக்கல் எங்கே? 1983-ல் வந்த டாஸ் 2.0 காலத்திலிருந்து, ஐபிஎம் வகைக் கணினியை எழுப்பும் சிறு நிரல் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருந்தது. லினக்ஸ் ரெய்டு பெரும்பாலும் பார்ட்டிஷன்களை மட்டுமே நகலெடுக்கும். அந்த 512 பைட்டோ பார்ட்டிஷனுக்கு வெளியே! முதல் டிஸ்க் செத்துப்போனால், இரண்டாவதில் கணக்கு வழக்கெல்லாம் பத்திரமாக இருக்கும். கணினி மட்டும் எழாது. இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளிலும் பூட் பார்ட்டிஷனைத் தனியாக நகலெடுக்காவிட்டால் இதே கதிதான்.

தீர்வு எளிது. மீட்பு யூஎஸ்பி மூலம் கணினியை எழுப்பி, உயிரோடு இருக்கும் டிஸ்க்கில் கிரப் எனும் பூட் லோடரைப் பதிக்க வேண்டும். பிறகு புது டிஸ்க்கைச் சேர்த்து, நகல் முடிந்ததும் அதிலும் கிரப்பைப் பதிக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்று சீரியல் எண்ணைப் பார்ப்பது முக்கியம். அவசரத்தில் மாற்றி நகலெடுத்தால், மிஞ்சிய ஒரே பிரதியும் போய்விடும்.

இது சின்னக் கணினியின் கதை மட்டும் அல்ல. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது, மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. காரணம் வேறு, தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறு. ஆனால் மாற்று மையம் தயாராக இருந்தும் வர்த்தகம் ஏன் அங்கே மாறவில்லை என்று செபி விளக்கம் கேட்டது.

நகல் வைத்திருப்பது பாதி வேலை. முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, இரண்டாவதிலிருந்து கணினி எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவதுதான் மீதி வேலை.