கையில் செல்போன் இருந்தும் விவசாயிகள் இணையத்துக்குத் தயங்குவது ஏன்?

வானிலை, மார்க்கெட் விலை, மானியம், உர இருப்பு... எல்லாமே இப்போ செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனாலும் பயிரில் நோய் வந்தால் பல விவசாயிகள் நேராகப் போவது உரக்கடைக்குத்தான். 'அவங்களுக்குப் போன் பார்க்கத் தெரியாது' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் போனை இயக்கத் தெரிவது பாதிதான். என்ன கேட்பது, வந்த பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரிவதுதான் மீதி.

கேள்வி தெரிந்தால்தான் பதில்

உதாரணத்துக்கு, நெல் பயிர் மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். அடி இலைகள் முதலில் மஞ்சளானால், தழைச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். இளம் இலைகள் முதலில் வெளுத்தால், இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்தவர் சரியாகத் தேடுவார். வெறுமனே 'நெல் மஞ்சள்' என்று தேடுபவருக்குப் பத்து வீடியோ வரும், பத்தும் பத்து மருந்து சொல்லும். ஒருமுறை தப்பான மருந்தை அடித்துக் காசு போனால், மறுபடியும் அந்தப் பக்கமே போகமாட்டார்.

சோயா விவசாயிகள் ஏன் தயங்கவில்லை?

2000-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் ஐடிசி நிறுவனம் 'இ-சௌபால்' திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் விவசாயி ஒருவரின் வீட்டில் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டது. தங்கள் சோயாவின் தரமும் மண்டியின் நடைமுறையும் விவசாயிகளுக்கு அத்துப்படி. தெரியாதது அன்றைய விலை மட்டும்தான். வண்டி கட்டுவதற்கு முன்பே அது தெரிந்ததால், எங்கே விற்கலாம் என்று அவர்களே முடிவு செய்ய முடிந்தது.

பயம் அறியாமையா?

பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் வருகிறது. இதற்கு இ-கேஒய்சி கட்டாயம். இதே பெயரில் வாட்ஸ்அப்பில் போலி ஏபிகே ஃபைல்களும் சுற்றுகின்றன. அதனால் 'எதையாவது அமுக்கி உள்ள பணமும் போயிடுமோ' என்ற பயம் நியாயமானதே. ஓடிபி-யை யாரிடமும் சொல்லக் கூடாது, தெரியாத ஃபைலைத் திறக்கக் கூடாது, பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் பயம் எச்சரிக்கையாக மாறிவிடும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஏற்கெனவே தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குவதே நல்லது. 2018-ல் தமிழக அரசு அறிமுகப்படுத்திய உழவன் செயலியில் சந்தை விலையைப் பார்த்து, அதே நாளில் பக்கத்துச் சந்தையில் விற்ற விலையோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனால் அடுத்ததாக வானிலையைப் பார்க்கத் தோன்றும்.

டைப் செய்ய வராதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். மருந்து தெளிப்பதற்கு முன், இணையத்தில் பார்த்ததை உள்ளூர் வேளாண் அலுவலரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்வது செலவையும் மிச்சப்படுத்தும், பயிரையும் காப்பாற்றும்.