சட்டம் யாரிடம் பேசியது?

தாலுகா ஆபீசில் 30 வருடத்துக்கு மேல் நோட்டீஸ் எழுதியவன் நான். "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்து, கிஸ்தி பாக்கி, பிரிவு, ஜப்தி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவோம். ஊரில் தண்டோரா போடுபவர் அதைப் படிக்கமாட்டார். "நாளைக்கு ஜப்திக்கு வர்றாங்க, பொழுதோட கட்டிப்போடுங்க" என்பார். பணம் வந்தது அவர் பேச்சுக்குத்தான்.

நம் சேலம் ஜில்லா மதுவிலக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மந்திரிசபை மாகாணத்திலேயே முதலாவதாக இங்கேதான் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது சேலத்தோடு சேர்த்தி. சட்டம் இருந்தது ஆங்கிலத்தில். எது மது, யார் சோதனை போடலாம், என்ன தண்டனை என்று அளந்து பேசும். அதைப் படிக்கவேண்டியவர்கள் போலீசாரும் மாஜிஸ்ட்ரேட்டும், குடிக்கிறவன் அல்ல. மரத்தில் கள் இறக்குவதும் குற்றம் என்று அதில் உண்டு. பனையேறி அந்த வரியில் குற்றவாளியாகத்தான் வருகிறார், பிழைப்புப் போனவராக அல்ல.

இதே ராஜாஜி 1929-ல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். மதுவிலக்குக்கென்றே வந்த பத்திரிகை. கல்கி கூட இருந்து உழைத்தார். அதில் கதையும் படமும் வந்தன. எழுத்துத் தெரிந்தவர் சொற்பமாக இருந்த ஊர்களில், ஒருவர் வாசித்தால் திண்ணையில் நாலுபேரும், கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்களும் கேட்பார்கள். பிரிவு எண்ணை யார் அப்படி நின்று கேட்பார்கள்?

அதற்காகச் சட்டத்தைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனசில்லை. என் அப்பாரு தறிக்காரர். கூலி வாங்கும் நாளில் வெறுங்கையோடு வருவாராம். 1937-ஐ அப்பத்தா "கடை மூடுன வருசம்" என்றுதான் சொல்லுவாள். அந்த வருடம்தான் முழுக்கூலி வீட்டுக்கு வந்தது. அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அப்போதுதான். கதை கேட்டு அப்பாரு திருந்தவில்லை. கடை இல்லை, அவ்வளவுதான்.

1943-ல், யுத்த காலத்தில், மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். கடை திறந்த அன்றே அப்பாரு போய்விட்டார்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எங்கோ யாரோ வாசிக்கக் கேட்ட குடிகாரன் கதை ஒன்றைத் தன் பிள்ளைகளுக்கும் பிறகு எங்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா கடைசிவரை தொடவில்லை. அதே கதையைக் கேட்டு வளர்ந்த சித்தப்பா தொட்டார்.