எந்த வேலை யாருக்கு?



திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வீடு கட்டுகின்ற இடத்தில் சற்றே நின்று பாருங்கள். கல்லும் கலவையும் சுமப்பவர் பெண். கரணை பிடிப்பவர் ஆண். அவரோடு ஒரே நாளில் வேலைக்கு வந்த இளைஞன் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுவான். அந்த அம்மையாரோ முப்பது ஆண்டு கழிந்த பின்னும் சித்தாள்தான். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்று 1976இல் சட்டம் இயற்றப்பெற்றது. கரணையே கைக்கு வராதவர்க்கு அச்சட்டத்தால் என்ன பயன்? கூலியில் காணும் வேற்றுமை, வேலையைப் பங்கிடும்போதே தொடங்கிவிடுகின்றது.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? நான் பணியாற்றிய பள்ளியொன்றில் விழாநாளில் கோலமும் வரவேற்பும் ஆசிரியைகளுக்கு; கால அட்டவணையும் கணக்கும் ஆசிரியர்களுக்கு. தலைமையாசிரியனாகிய நானும் நெடுநாள் அதனை ஐயுற்றதில்லை.

கல்லாதவர்க்குத்தான் இந்நிலை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அன்னா ராஜம் என்பார் 1951ஆம் ஆண்டு அணியில் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்ந்தார். பெண்ணுக்கு வெளிநாட்டுப் பணியும் மத்தியப் பணிகளுமே ஏற்றவை என்று தேர்வுக் குழுவினர் அறிவுரை கூறினர், அவர் இணங்கவில்லை. சென்னை மாநிலத்தைத் தேர்ந்து வந்தார். அப்பொழுது முதலமைச்சராக இருந்தவர் இராஜாஜி. சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு ஒரு பெண்ணால் இயலுமா என்பது அவருடைய ஐயம். தலைமைச் செயலகத்தில் ஒரு பதவி தர முன்வந்தார். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் ஆடவரோடு ஒப்பப் பயின்ற அன்னா ராஜம் வாதிட்டு நின்று, ஓசூரில் சப்-கலெக்டர் பதவியைப் பெற்றார். பதவி கிடைத்தது, ஆனால் நியமன ஆணையில் ஒரு வரி இருந்தது. திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்பதே அது! உடன் தேர்ந்த ஆடவர் எவர்க்கும் அவ்வரி இல்லை. சில ஆண்டுகளில் ஐ.ஏ.எஸ். பணியில் அவ்விதி மாற்றப்பட்டது.

வெளிநாட்டுப் பணியில் அது வேறு வடிவில் நெடுங்காலம் நீடித்தது. குடகு நாட்டில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற முத்தம்மா 1949இல் அப்பணியில் சேர்ந்தார். பெண் அதிகாரி மணம்புரிய அரசின் எழுத்துமூலமான இசைவைப் பெறவேண்டும். மணந்தபின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் பதவி விலகவும் நேரிடும். தமக்குரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டதென்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979இல் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு ஆடவருக்கும் உண்டன்றோ என்று எண்ணிப் பார்க்கச் செய்தார்.

வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தள்ளுபடியாயிற்று! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது. அவ்விதிகளையும் நீக்க முற்பட்டது. எனினும் எல்லாப் பணி விதிகளையும் துருவிப் பார்த்துப் பாகுபாட்டின் கறையைக் களையவேண்டும் என்று நீதிமன்றம் அரசுக்கு எடுத்துரைத்தது. ஏட்டில் எழுதிய விதியை அவ்வாறு அழித்துவிடலாம். கட்டட வேலையில் கரணை யாருக்கு என்பதோ எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.