புது மனநல மருத்துவரைப் பார்க்கப் போறீங்களா? மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

வேலை கிடைத்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த தோழி ஒருத்தி, மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். ஹாஸ்டலில் ரூம்மேட் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். மருந்துச் சீட்டு மதுரையிலேயே தங்கிவிட்டது. டப்பா காலியாகப்போகும் நேரத்தில் புது மனநல மருத்துவரிடம் போனாள். "இப்போ என்ன மாத்திரை எடுத்துக்கிறீங்க?" என்றார் டாக்டர். "வெள்ளைக் கலர்ல, சின்னதா இருக்கும் டாக்டர்... ராத்திரி ஒண்ணு" என்றாளாம்.

சிரிப்பு வரலாம். ஆனால், ஊர் மாறும்போது நம்மில் பலர் இப்படித்தான் போய் உட்காருகிறோம்.

மருந்துச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாத்திரை அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயர் ஊருக்கு ஊர் மாறலாம்; அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும்தான் டாக்டருக்கு முக்கியம்.

'ஒத்துக்கலை' என்றால் என்ன?

பழைய மாத்திரைகளைப் பற்றிக் கேட்டால் "அது எனக்கு ஒத்துக்கலை டாக்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஆனால், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுதாக வேலை செய்யப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தே நாளில் நிறுத்தியிருந்தால், அந்த மருந்து தோற்றுப்போனதாக அர்த்தமில்லை, அதற்கு வாய்ப்பே தரவில்லை என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார். ஆறு வாரம் சாப்பிட்டும் பலனில்லை என்றால் அது வேறு கதை. அதேபோல, என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லுங்கள். பகலில் தூக்கமா, எடை கூடியதா, தாம்பத்ய ஆசை குறைந்ததா? கடைசியாகச் சொன்னதைக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். டாக்டருக்கு அது தினமும் கேட்கிற விஷயம்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லணும். எப்போதாவது சில நாள் தூக்கமே இல்லாமல், ஆனாலும் களைப்பே தெரியாமல், பயங்கர உற்சாகமாக, கையிலிருக்கிற காசையெல்லாம் செலவழித்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்களா? சோகமாக இருக்கும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கே வராது. இது பைபோலார் பிரச்னையின் அறிகுறியாக இருக்கலாம். அப்படியிருக்கும்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். "பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி" என்று மூடிவைத்திருக்கும் கதைகளுக்குள் பல விஷயங்கள் இருக்கும்!

தைராய்டு, ரத்த சோகை பரிசோதனை முடிவுகள் இருந்தால் எடுத்துப்போங்கள். தைராய்டு குறைபாட்டிலும் சோர்வும் மனச்சோர்வும் வரும். சித்த மருந்து, ஜிம் பவுடர், வார இறுதி பீர் எதையும் விடாதீர்கள். கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அம்மா கூட வரலாமா?

வரலாம். உங்கள் தூக்கம், கோபம் பற்றி உங்களைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், டாக்டர் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுவார். "கொஞ்ச நேரம் தனியா பேசணும் டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. பழைய மருத்துவமனையிலிருந்து உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையையும் இதே சட்டம் தருகிறது.

தற்கொலை எண்ணம் வந்திருந்தால், 'சொன்னால் அட்மிட் பண்ணிடுவாங்களோ' என்று பயந்து மறைக்காதீர்கள். எண்ணம் வந்ததை வைத்து மட்டும் யாரையும் அட்மிட் செய்வதில்லை. அப்பாயின்மென்ட் வரை தாங்காது என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

மாத்திரை தீர்ந்த பிறகு டாக்டரைத் தேடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரலாம். நோயே திரும்பிவிட்டதாக நினைத்துப் பயந்துவிடுவோம். இரண்டு வாரக் கையிருப்பு இருக்கும்போதே அப்பாயின்மென்ட் வாங்கிவிடுங்கள். கிடைக்கத் தாமதமானால் பழைய டாக்டரிடம் போனில் பேசிப் பாருங்கள்.

தோழி என்ன செய்தாள் என்கிறீர்களா? அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். பீரோவில் கிடந்த பழைய சீட்டை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்ப இருபது நிமிஷம் ஆனது. முதல் இரண்டு போட்டோவில் அம்மாவின் கட்டைவிரல் மட்டும்தான் தெரிந்ததாம்.