வாசலில் கழற்றியவை

தவளக்குப்பம் நாற்சந்தியில் நின்றால், வடக்கே போகும் பஸ் புதுச்சேரிக்கு, தெற்கே போகும் பஸ் கடலூருக்கு. ஒரு காலத்தில் வடக்கே பிரெஞ்சுக்காரன், தெற்கே வெள்ளைக்காரன். சில மைல் நடந்தால் ராஜாங்கமே மாறிவிடும்! அந்த நாற்சந்தியின் தேநீர்க் கடையில்தான் எனக்கு அந்தப் பெரியவரைப் பழக்கம். பூர்வீகம் காரைக்கால். நாங்கள் 'பாய்' என்போம். அவர் என்னைத் 'தம்பி' என்பார்.

"என் வாப்பாவும் சாச்சாவும் ஒரே வீட்டிலே பிறந்தவங்க, தம்பி. ஒருத்தர் இந்தியாக்காரர் ஆனார். ஒருத்தர் பிரான்சுக்காரராவே இருந்துட்டார். ஆளு ரெண்டு பேரும் நகரல. சட்டம்தான் நகர்ந்துச்சு" என்றார் ஒருநாள்.

வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பியரைப் போலச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் சப்பாத்தோடு வரலாகாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். பிரெஞ்சுக்காரனுக்குச் சமமாக நிற்க வேண்டுமானால் பிரெஞ்சுச் சட்டத்தையே ஏற்றுவிடலாம் என்பது அவர் கட்சி.

1881 செப்டம்பர் 21இல் அதற்கு ஓர் ஆணை பிறந்தது. தன் குல, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர், குடும்பத்துக்கு ஒரு பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்ப வழியில்லை. பொன்னுத்தம்பி சூட்டிக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் அதற்கு 'வாசல்' என்று பொருள். வாசலில் தடுக்கப்பட்டவருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

கிறிஸ்தவர்களும், ஜாதியின் கொடுமையை அனுபவித்தவர்களும் பெருவாரியாகத் துறந்தார்கள். இழக்க அவர்களுக்கு என்ன இருந்தது? முஸ்லிம்களில் துறந்தவர் மிகச் சிலரே. கல்யாணமும் சொத்துரிமையும் அவர்களுக்கு மார்க்கத்தோடு சேர்ந்தவை. இந்தியர் வழக்குகளை அவரவர் சட்டப்படியே தீர்ப்பதாக 1819இலேயே பிரெஞ்சு சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை நம்பி அவர்கள் பெயரையும் சட்டத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைப் பிடித்த பிறகு, நம்மவர் அங்கே போனார்கள். துறந்தவர்களில் பலர் சர்க்கார் உத்தியோகத்துக்கு; காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்கள் பெரும்பாலும் வியாபாரத்துக்கு. சென்னை மாகாணத்து முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள். 1935இல் நகரின் நடுவே எழுந்த பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. பாயின் சாச்சா அங்கேதான் துணிக்கடை வைத்திருந்தார்.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல். உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே இருந்தவர் இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பாயின் வாப்பா கொடுக்கவில்லை. ஆனால் இங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர் எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். சாச்சா நீடித்தது அப்படித்தான். 1881இல் பெயரைக் கேட்ட சர்க்கார், 1962இல் விலாசத்தை மட்டும் கேட்டது!

சைகோன் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுதவர்களில் ஒருவர் கையில் பிரெஞ்சுக் காகிதம், பக்கத்தில் நின்றவர் கையில் இந்தியக் காகிதம். 1975இல் சைகோன் வீழ்ந்தபோதுதான் காகிதத்தின் எடை தெரிந்தது. ஒருவருக்குப் பாரிஸ், மற்றவருக்குச் சென்னை. சாச்சா பாரிஸ் புறநகரில் குடியேறினார்.

அந்தத் தேசமோ 1905இலேயே மதத்தையும் அரசாங்கத்தையும் பிரித்துவிட்டது. அது கத்தோலிக்கத் திருச்சபையோடு நடந்த சண்டையின் விளைவு. முஸ்லிம்களை நினைத்துப் போட்ட சட்டமல்ல. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக, 1926இல் பாரிஸில் பெரிய பள்ளிவாசலையும் அதே தேசம் திறந்தது. பிறகு 2004இல், சர்க்கார் பள்ளிகளில் கண்ணுக்குத் தெரியும்படி மத அடையாளம் அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. பெரிய சிலுவைக்கும் தடைதான். ஆனால் அதிகம் பாதித்தது முக்காட்டைத்தான்.

சாச்சாவின் பேத்தி அப்போது பள்ளி மாணவி. தினமும் பள்ளி வாசலில் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைப்பாளாம். மாலையில் அதே வாசலில் போட்டுக்கொள்வாளாம்.

"அழுதாளா, பாய்?" என்று கேட்டேன்.

"முதல் வாரம் அழுதாளாம். அப்புறம் சொன்னாளாம்: 'நான் பிரான்சுக்காரிதானே? என் வீட்டு வாசல்லே நானே ஏன் கழற்றணும்?'ன்னு."

அவள் கேள்வியில் அந்நியர் குரல் இல்லை. வீட்டுக்காரியின் குரல் இருக்கிறது. வந்தவர்கள் ஒட்டமாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பொன்னுத்தம்பி தான் விரும்பிய சப்பாத்தைப் போட்டுக்கொள்ள வழக்காடினார். அவர் கேட்டதும் இந்தச் சிறுமி கேட்டதும் வேறல்ல. பொதுச் சட்டத்துக்கு அடங்குவது ஒன்று. தன்னைத் தொலைப்பது வேறு. அந்தக் கோடு எங்கே என்று 1881லிருந்து தேடுகிறார்கள்.

கடலூர் பஸ் வந்தது. பாய் எழுந்து, கடை வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. மரியாதைக்காக அவராகவே கழற்றியது.