பள்ளிக்கூடமும் தொற்றுநோயும்: விலக்கும் அழைப்பும்

காரைக்குடிக்கு அருகே, புதுவயலை ஒட்டி அமைந்த கண்டனூர், நகரத்தார் ஊர்களுள் ஒன்று. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடுகளும் ஊருணியும் கோயிலுமாக விளங்கும் செட்டிநாட்டு ஊர்களுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு கோயில் திருப்பணிகளுக்குச் சென்றது போலவே, ஒரு பங்கு பள்ளிக்கூடங்களுக்கும் சென்றது. கண்டனூரில் உள்ள சிட்டாள் ஆச்சி நினைவுப் பள்ளியின் பெயரே அம்மரபை நினைவூட்டுகிறது. 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி அம்மரபின் பெரும் விரிவு.

இத்தகைய பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கொடையாளர் யார், கட்டடம் எழும்பிய ஆண்டு எது, படித்துப் பெயர் பெற்றவர் எவர் என்றே பெரும்பாலும் எழுதுகின்றனர். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எளிய கேள்வி ஒன்று அவ்வரலாறுகளில் விடுபட்டுப் போகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால் பள்ளி என்ன செய்தது? அந்தப் பிள்ளை எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது? கண்டனூர் போன்ற ஓர் ஊரின் பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழகம் இக்கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் அளித்த விடைகளைத் தேடிப் பார்ப்போம்.

பழைய கல்வி முறையில் விடை ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போவது. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்த வாசகர்களுக்கு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டுவந்த நாளில் அம்மை கண்ட செய்தி நினைவிருக்கும். பாடம் நின்றது. ஆசிரியரைப் பிரிந்து, சூரியமூலைக்குச் சென்று உறவினர் பராமரிப்பில் இருந்து தேறினார். அவ்வளவு பெரிய ஆசிரியரும் மாணவரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? கணிதமேதை இராமானுஜனும் 1889 டிசம்பரில், இரண்டு வயதில், பெரியம்மையிலிருந்து தப்பியவரே. அந்நாளில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள் என்பதைக் காட்டிலும், அம்மைக்குத் தப்பி எத்தனை பேர் அங்கே வந்து அமர முடிந்தது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

ஆயினும் அந்தப் பழைய வழக்கத்தில் நாம் எளிதில் கடந்துவிடும் நுட்பம் ஒன்று உண்டு. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவார்கள். அது அயலாருக்கு ஓர் அறிவிப்பு. வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டார் கண்ட இடங்களுக்குப் போகக் கூடாது. அதே வழக்கம் விலக்குக்கு ஒரு முடிவையும் வைத்திருந்தது. அம்மை இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று கணக்கு உண்டு. மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிள்ளை மீண்டும் தெருவுக்கு வரலாம். எவரும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழாவின்போது பால்குடம் சுமந்து செல்லும் கூட்டத்தைக் காண்போர், அம்மையைப் பற்றிய அச்சமும் நன்றியும் இம்மண்ணில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தவை என்பதை உணர்வார்கள். மருத்துவ அறிவு வளராத காலத்து வழக்கந்தான் அது. ஆனால் போவதற்கும் வருவதற்கும் இரண்டு வாயில்களை வைத்திருந்தது.

நவீன மருத்துவம் இங்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகளின் வழியாகவே. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் தடுப்பூசி அதுவே. அங்கிருந்து அது சென்னை உள்ளிட்ட பல ஊர்களுக்கும் பரவியது. குளிர்பதன வசதி இல்லாத நாளில், ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரே அடுத்த குழந்தைக்கு மருந்தாயிற்று. கையிலிருந்து கைக்கு, பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு! பின்னாளில் கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. அதற்கெனவே 1899இல் நிறுவப்பட்டது கிண்டி கிங் நிலையம். 1975 மே மாதத்துடன் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் அம்மை வடு அரிதாகிப் போனது நம் காலத்தின் மிகப்பெரிய சாதனைகளுள் ஒன்று. அதற்கு விழா எடுப்போர்தாம் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1939இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இவ்வளவு விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது. அப்போது மாகாணப் பிரதமர் இராஜாஜி. சுகாதாரத் துறை அமைச்சர், தாமே மருத்துவரான டி.எஸ்.எஸ். ராஜன். அச்சட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பிரிவு ஒன்று உள்ளது. தொற்றுநோய் கண்ட, அல்லது தொற்றுக்கு ஆளான சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று சுகாதார அலுவலர் அறிவிப்புக் கொடுத்தால், பெற்றோரோ காப்பாளரோ அனுப்பக் கூடாது. பிறருக்கு நோய் தொற்றும் அபாயம் இல்லை என்று அவரிடமே சான்றிதழ் பெற்ற பிறகு அனுப்பலாம். அச்சான்றிதழைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது.

‘கட்டணமின்றி’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். விலக்குவதற்குச் செலவில்லை, திரும்பி வருவதற்குச் செலவு வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளை திரும்பவே வராது. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மூன்றாம் தண்ணீர் செய்த வேலையைச் சான்றிதழுக்கு மாற்றினார்கள் என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். நூலக அன்பர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: தொற்றுநோய் உள்ளவர்கள் நூலகப் புத்தகங்களைக் கையாள்வது பற்றியும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. புத்தகமும் நோயைச் சுமந்து செல்லும் என்று அஞ்சிய காலம் அது.

இச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2020இல் முகக்கவசம் அணியாதோருக்கு அபராதம் விதிக்கத் திருத்தப்பட்டதும் இதே சட்டந்தான்.

விலக்கு என்ற சொல்லை நம் சமூகத்தில் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். பள்ளியில் ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் பானை, தனிக் குவளை, தனி இடம் என்று வைத்திருந்த வரலாறு நம்முடையது. வாந்திபேதி பரவும் நாளில் நோயுற்ற பிள்ளைக்குத் தனிக் குவளை வைப்பது சுகாதாரம். நோயே இல்லாத பிள்ளைக்குப் பிறப்பைக் காரணங்காட்டித் தனிக் குவளை வைப்பது கொடுமை. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முன்னதற்குக் காரணமும் கால வரையறையும் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த பள்ளிகளும் இந்த வேறுபாட்டை அறியாமல்தான் நடந்தன. வகுப்பில் அருகே அமர்வதால் பரவாத ஒரு தொற்றுக்கு வகுப்பைவிட்டு விலக்கினார்கள். கல்வி நிலையங்களில் அத்தகைய பாகுபாட்டைத் தடை செய்ய 2017இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது காசநோய். 1948இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் பி.சி.ஜி. தடுப்பூசி தொடங்கியது. கிண்டியில் அதைத் தயாரிக்க ஆய்வுக்கூடம் அமைந்தது. 1950களில் அது பெரும் இயக்கமாகிப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் ஓரிடத்தில் வரிசையில் நிற்கும் இடம் பள்ளிதானே! அதை முழுமூச்சாக எதிர்த்தவர் யார் தெரியுமா? 1939 சட்டம் நிறைவேறியபோது மாகாணத்தை ஆண்ட அதே இராஜாஜிதான். உடல்நலத்தோடு இருக்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா என்பது அவருடைய கேள்வி. 1955இல் அதற்கெனச் சிறு நூல் ஒன்றையே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் இயக்கத்தைக் கைவிடவில்லை.

யார் பக்கம் உண்மை? செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வின் முதல் முடிவுகள் 1979இல் வெளிவந்தன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று அவை கூறின. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதும் உறுதிப்பட்டது. ஆகவேதான் இன்று பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. இராஜாஜி அஞ்சிய தீங்கு நேரவில்லை. அரசு எதிர்பார்த்த முழுப்பயனும் கிட்டவில்லை. ஆனால் பெற்றோர் கேள்வி கேட்பதும், அவர்களுக்குப் பொறுமையாக விடை சொல்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்ற பாடம் எஞ்சியது. அதை நாம் நன்றாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி தமிழகப் பள்ளிகளில் போடப்பட்டபோது வாட்ஸப் வதந்திகள் முந்திக்கொண்டன. பல பெற்றோர் மறுத்தனர். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஊசி பள்ளிக்கு வந்து சேர்வதற்கு முன்பே விளக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

காசநோயைப் பற்றிய இன்னொரு செய்தியை நாம் பெருமையோடு சொல்லலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பாதியை மருத்துவமனையிலும் மறு பாதியை நெருக்கடியான வீடுகளிலுமே வைத்துச் சிகிச்சை அளித்து ஒப்பிட்டது. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. வீட்டாருக்கு அதனால் கூடுதல் தொற்று நேரவுமில்லை. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் நோயாளியை மலைமேல் கொண்டுபோய் ஒதுக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் சென்னை. விலக்கின் காலத்தை அறிவால் சுருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தனை அனுபவமும் உள்ள தமிழகம் கொரோனாவை எதிர்கொண்டது. 2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டது. 2021 ஜனவரி 19இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தன. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் மாணவியர் பலருக்குத் தொற்று உறுதியாயிற்று. அம்மாதம் 22 முதல், பன்னிரண்டாம் வகுப்பு தவிர, மீண்டும் மூடல். செப்டம்பர் 1இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1இல்தான் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறந்தன. கணக்கிட்டால், சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி ஏறத்தாழ 19 மாதங்கள் மூடியிருந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது.

மூடியதைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. 2020இன் இருட்டில் வேறு வழி தெரியவில்லை. ஆனால் நோயுற்ற ஒரு பிள்ளையை விலக்க 1939இலேயே விதி எழுதிய நாம், ஒரு தலைமுறை முழுவதையும் விலக்கியபோது திரும்பி வரும் வழியை முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைபேசி இருந்த வீட்டில் கைபேசி இருந்தது. 2021 அக்டோபர் 27இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி, ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். செட்டிநாட்டில் ஒரு காலத்தில் திண்ணையில் நடந்த பள்ளி மீண்டும் திண்ணைக்கு வந்தது போலிருந்தது. அந்த அழைப்பு சற்று முன்னரே எழுந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் மட்டும் எஞ்சுகிறது.

இனி, கண்டனூரிலோ வேறெந்த ஊரிலோ ஒரு பள்ளியைக் காக்க என்ன வேண்டும்? பெரிய கருவிகள் எவையும் வேண்டியதில்லை. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். வளவின் நடுவே வானத்தை வைத்து வீடு கட்டியவர்களின் ஊரில் காற்றோட்டத்தைப் பற்றி விளக்கவும் வேண்டுமா? எல்லோருக்கும் பொதுவான நல்ல குடிநீர், கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு, சத்துணவுக்கு முன் கை கழுவக் குழாய், தடுப்பூசிப் பதிவேடு ஆகியவை வேண்டும். ஆசிரியரையும் மறக்கலாகாது. விடுப்பெடுத்தால் அன்றைய ஊதியம் போகும் என்ற நிலையில் இருக்கும் தற்காலிக ஆசிரியர் காய்ச்சலோடுதான் வகுப்புக்கு வருவார்; ஆயாவும் சமையலரும் அப்படியே. அவர்களுக்கு ஊதியத்தோடு விடுப்புக் கொடுப்பது சலுகையன்று. அது பிள்ளைகளுக்குச் செய்யும் பாதுகாப்பு.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். நோயினால் பத்து நாள் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுவதோடு ஆசிரியரின் வேலை முடிவதில்லை. அந்தப் பத்து நாள் பாடத்தை யார், எப்போது, எங்கே சொல்லிக் கொடுப்பார் என்பதும் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேப்பிலை செருகத் தெரிந்த நம் முன்னோர், மூன்றாம் தண்ணீருக்கும் நாள் குறித்து வைத்திருந்தார்கள்.